தொட்டிக்குள் கேட்கும் குரல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

இந்த உரைக்காக என்னை அழைத்தபோது நிலையத்தில் ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார். "ஓர்க்காவைப் பற்றி வானொலியில் எப்படிப் பேசுவீர்கள்? அது கண்ணால் பார்க்க வேண்டிய சங்கதி ஆயிற்றே?"

கேட்டதில் நியாயம் இருக்கிறது. 'கொலைகாரத் திமிங்கலம்' என்று பலர் சொல்லும் கடல் விலங்குதான் ஓர்க்கா. எண்ணெய் பூசியதுபோல் மின்னும் கறுப்பு உடம்பு, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு, ஆண் என்றால் ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் முதுகுத் துடுப்பு. படத்தில் ஒரு தடவை பார்த்தாலே மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஓர்க்காவைப் பற்றிப் பேச வானொலியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றுதான் அவரிடம் சொன்னேன். கடலுக்குள் வெளிச்சம் அதிக தூரம் போகாது, சத்தம் போகும். இரை எங்கே, பாறை எங்கே, அம்மா எங்கே என்று ஓர்க்கா எல்லாவற்றையும் காதால்தான் தெரிந்துகொள்கிறது. உங்களைப்போல அதுவும் ஒரு நேயர்தான்.

'கொலைகாரத் திமிங்கலம்' என்ற பெயர் பெரிய திமிங்கலங்களையும் வேட்டையாடுவதால் வந்தது. உண்மையில் இது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்திலேயே பெரிய உருவம். கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்க்கா எதுவும் மனிதரைக் கொன்றதாக இதுவரை பதிவு இல்லை. தொட்டிக்குள் இருப்பவை கொன்றிருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

1970களில் மைக்கேல் பிக் என்ற கனடிய ஆய்வாளர் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் ஓர்க்காக்களைப் படம் பிடித்து, துடுப்பின் வடிவத்தையும் முதுகில் உள்ள தழும்புகளையும் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண ஆரம்பித்தார். மொத்தக் கணக்கு எடுத்தபோது எல்லோரும் நினைத்ததைவிட எண்ணிக்கை குறைவு. பின்னால் ஜான் ஃபோர்டு நீருக்கடியில் மைக்கை இறக்கி அவற்றின் குரல்களைப் பதிவுசெய்தார். அப்போது தெரிந்தது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு இருக்கிறது. ஒரே கடலில், ஒரே மீனைத் தின்று வாழ்கிற இரண்டு குடும்பங்கள்கூட வேறு வேறு மாதிரிக் கூப்பிடுகின்றன. குட்டி அந்தப் பேச்சைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகுகிறது. அங்கே சால்மன் மீனை நம்பி வாழும் கூட்டங்களில் மகனும் மகளும் தாயை விட்டுப் போவதே இல்லை. ஐந்து டன் எடையுள்ள நாற்பது வயது ஆண்கூட அம்மா பக்கத்திலேயேதான் நீந்தும். தாய் செத்தால் அடுத்த ஓராண்டுக்குள் முப்பது வயது தாண்டிய மகனும் சாகும் வாய்ப்பு 14 மடங்கு கூடுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது.

இந்தப் பின்னணியோடு கார்க்கியின் கதையைக் கேளுங்கள்.

1969 டிசம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெண்டர் ஹார்பரில் ஓர் ஓர்க்காக் குடும்பத்தையே வலைபோட்டு வளைத்தார்கள். விலைக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு மீதியைத் திறந்து விட்டார்கள். பிடிபட்டவற்றில் ஒன்று நாலு வயது மதிக்கத்தக்க பெண் குட்டி. அதுதான் கார்க்கி. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருந்த ஒரு கடல்சார் பூங்காவின் வட்டத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

1977இல் அங்கே ஒரு குட்டி போட்டது. பிறந்த குட்டிக்குத் திரும்பத் தெரியாது. கடலில் அதனால் ஒன்றும் இல்லை; எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர்தான். இங்கே எந்தப் பக்கம் போனாலும் சுவர். முட்டிக்கொள்ளாமல் இருக்க, கார்க்கி குட்டிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து அதைத் தள்ளிக்கொண்டே சுற்றியது. தள்ளுவதற்கே நேரம் சரியாக இருந்தது, குட்டிக்குப் பால் குடிக்க வழியே இல்லை. மூன்று வாரம்கூட அது தாங்கவில்லை. கார்க்கி ஏழு தடவை கருவுற்றது. பிறந்ததில் எதுவும் ஐம்பது நாளைத் தாண்டவில்லை.

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் மைக் வைத்துக் குரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் அலெக்ஸாண்ட்ரா மார்ட்டன் என்ற இளம்பெண். குட்டி போன பிறகு கார்க்கி ஒரே மாதிரி, குரல் கம்மிப்போய், திரும்பத் திரும்பக் கூப்பிட்டதைக் கேட்டவர் அவர். அதற்குத் துக்கம் என்று பேர் வைப்பதா வேண்டாமா என்று அறிவியலார் வாதாடலாம், அது அவர்கள் தொழில். மார்ட்டன் வேறு காரியம் செய்தார். கார்க்கியை எங்கே பிடித்தார்களோ அந்தக் கடலுக்கே போய் அதன் குடும்பத்தைத் தேடினார். அது அங்கேதான் இருந்தது. தாயும் இருந்தது. அப்புறம் அவர் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டார்.

1987இல் கார்க்கியை சான் டியாகோவில் உள்ள சீவேர்ல்டுக்கு மாற்றினார்கள். அங்கே காண்டு என்று ஒரு பெண் ஓர்க்கா ஏற்கனவே இருந்தது, ஐஸ்லாந்துக் கடலில் பிடித்தது. ஒன்று பசிபிக், ஒன்று அட்லாண்டிக். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. இயற்கையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்திருக்கவே முடியாது. கடலில் ஒத்துப்போகாத இரண்டு ஓர்க்காக்கள் விலகிப் போய்விடும். தொட்டியில் விலகிப் போக இடம் ஏது? 1989 ஆகஸ்டில் ஒரு நாள், பூங்காவில் மக்கள் இருக்கும்போதே, காண்டு பாய்ந்து வந்து கார்க்கியின் மேல் மோதியது. மோதிய வேகத்தில் காண்டுவின் தாடை எலும்பே முறிந்தது, உள்ளே ரத்தக்குழாய் அறுந்தது. முக்கால் மணி நேரம் மூச்சுத்துளை வழியே ரத்தம் பீய்ச்சி அடித்தபடி இருந்து அது இறந்தது. அதன் குட்டி ஆர்கிட், ஒரு வயதுகூட நிரம்பாதது, பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் குட்டியை வளர்த்தது யார் தெரியுமா? கார்க்கிதான். தன் குட்டி ஒன்றையும் பிழைக்கவைக்க முடியாத கார்க்கி, தன்னைத் தாக்கியதன் குட்டியை அணைத்துக்கொண்டது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை கொஞ்சம் அடைக்கும், மன்னிக்க வேண்டும்.

சிலர் சொல்வார்கள், தொட்டியைப் பெரிதாக்கினால் போதும், மீனை நல்லதாகப் போட்டால் போதும் என்று. பயிற்சியாளர்களைத் திட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. நானறிந்தவரை அவர்களில் பலர் அந்த விலங்குகள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பிழை அவர்கள் கையில் இல்லை. ஓர்க்காவின் வாழ்க்கை என்பதே அதன் சுற்றமும் அந்தச் சுற்றத்தின் பேச்சும்தான். அந்த இரண்டையும் கடலிலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் கொண்டுவந்தோம். அதை எத்தனை பெரிய தொட்டியில் போட்டாலும் விட்டு வந்தது வராது.

உடம்பும் நன்றாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தொட்டியில் வளர்ந்த ஆண்களின் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாக மடிந்து தொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது பல். வேலை எதுவும் இல்லாத ஓர்க்கா கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் கடித்துக்கொண்டே இருக்கும். பல் தேய்ந்து, உள்ளே இருக்கும் மென்மையான சதை தெரியும். அதில் துளை போட்டு, உணவு சிக்கிச் சீழ் பிடிக்காமல் இருக்க அந்தத் துளைகளைத் தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். 2017இல் 29 ஓர்க்காக்களின் பற்களை ஆராய்ந்தபோது ஒன்றுக்குக்கூட பல் முழுசாக இல்லை. கூட்டம் கைதட்டும்போது அது வாயைத் திறந்து காட்டுமே, அந்த வாய்தான் இது.

சரி, எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, நான் அதை ஒதுக்கிவிடத் தயாராக இல்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் ஓர்க்கா என்றால் வெறுப்பு. மீனவர்கள் கண்ட இடத்தில் சுட்டார்கள். 1961இல் கனடிய மீன்வளத் துறை அவற்றைக் கொல்வதற்கென்றே கரையில் ஓர் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்தியது. நல்லவேளை, அது கடைசிவரை சுடவில்லை. 1964இல் வான்கூவர் மீன் காட்சியகம் ஓர்க்காவைச் சிலையாக வடிக்க நினைத்து, மாதிரிக்காக ஒன்றைக் கொன்று வர ஆள் அனுப்பியது. ஈட்டி பாய்ந்தது, ஆனால் அது சாகவில்லை. கூட இருந்தவை அதை மூச்சுவிட மேலே தூக்கிப் பிடித்தன. கொல்ல வந்தவர்கள் மனசு மாறி, ஈட்டிக் கயிற்றோடே வான்கூவருக்கு இழுத்து வந்தார்கள். மோபி டால் என்று பேர் வைத்தார்கள். பெண் என்று நினைத்து வைத்த பேர். ஆண் என்று செத்த பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் பிழைத்திருந்தது. அந்த மூன்று மாதத்தில் உலகம் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டது: இது மனிதர் கையிலிருந்து மீன் வாங்கித் தின்கிறது, சாதுவாக இருக்கிறது. பயம் போய் ஆசை வந்தது.

ஆக, தொட்டியில் பார்த்ததால்தான் மக்கள் ஓர்க்காவை நேசித்தார்கள் என்பது பொய் இல்லை. ஆனால் அந்த நேசம் முதலில் செய்தது என்ன? இன்னும் நிறையப் பிடித்தது. 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற குடாவில் எண்பதுக்கு மேற்பட்ட ஓர்க்காக்களை வளைத்தார்கள். ஏழு குட்டிகளை எடுத்தார்கள். வலையில் சிக்கி ஐந்து மூழ்கிச் செத்தன. வெளியே தெரியாமல் இருக்க அவற்றின் உடம்பில் கனம் கட்டி ஆழத்தில் அமிழ்த்தினார்கள். பிறகு கரை ஒதுங்கியபோது விஷயம் வெளியே வந்தது. அன்று எடுத்த ஏழில் ஒன்று டோக்கிடே. மயாமியில் ஒரு சிறு தொட்டியில் 2023 ஆகஸ்ட் வரை இருந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பத் திட்டம் போட்டு, அறிவித்து, ஐந்து மாதத்துக்குள் இறந்தது.

மனிதர் கொல்லப்பட்டதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். திலிகம் என்ற ஆண் ஓர்க்கா மூன்று பேரின் மரணத்தில் சம்பந்தப்பட்டது. 2010இல் ஆர்லாண்டோவில் அனுபவம் மிக்க பயிற்சியாளர் ஒருவரை அது தண்ணீருக்குள் இழுத்த பிறகுதான் பொதுமக்கள் மனதில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. 2016இல் சீவேர்ல்டு இனிமேல் ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. இவற்றைத் தொட்டியில் அடைத்து வைப்பதற்கு எதிராகக் கனடா 2019இல் சட்டம் போட்டது, பிரான்ஸ் 2021இல். இந்தியா அதற்கு முன்பே, 2013இல், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்காகக் கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சீனாவிலும் ஜப்பானிலும் புதிய ஓர்க்காத் தொட்டிகள் திறந்துகொண்டிருக்கின்றன.

கதவைத் திறந்து விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கெய்க்கோவுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஹாலிவுட் படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஓர்க்கா அது. பெரும் பணம் செலவழித்து, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவின் ஓரிகனுக்கும், பிறகு 1998இல், அது பிறந்த கடலான ஐஸ்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். மற்ற ஓர்க்காக்களைக் கண்டால் தள்ளியே நின்றது, சேரவில்லை. 2002இல் தானாகவே கடல் தாண்டி நார்வே போய்ச் சேர்ந்தது. அங்கே யாரைத் தேடியது தெரியுமா? மனிதர்களை. குழந்தைகள் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் நிமோனியாவில் இறந்தது. இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. ஐந்து வருடம் கடல் தண்ணீரில் இருந்ததே என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி, ஆனால் அரை மனதோடுதான்.

கெய்க்கோவுக்காவது கடலின் நினைவு எங்கோ இருந்திருக்கலாம். விக்கிக்கு அதுவும் இல்லை. பிரான்ஸில் ஆண்டிப் நகரத்துப் பூங்காவில், தொட்டியிலேயே 2001இல் பிறந்த பெண் ஓர்க்கா. அதற்கு ஆய்வாளர்கள் மனிதப் பேச்சைப் பழக்கிப் பார்த்தார்கள். 2018இல் முடிவுகள் வெளியாயின. பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு, மூச்சுத்துளை வழியாகக் காற்றைப் பிதுக்கி, அதைப் போலவே ஒலி எழுப்ப வேண்டும். ஒருசில முயற்சியிலேயே சில சொற்கள் வந்துவிட்டன. அந்த ஒலிப்பதிவை நான் கேட்டிருக்கிறேன். கரகரப்பாக, ஓட்டைக் குழாயில் ஊதுவதுபோல இருக்கும். ஆனால் சொல் புரியும்.

2025 ஜனவரியில் அந்தப் பூங்காவை மூடிவிட்டார்கள். பார்க்க வருபவர் யாரும் இல்லை. விக்கியும் அதன் மகன் கெய்ஜோவும் மட்டும் மிச்சம். எந்த நாட்டுக்கு அனுப்புவது, எந்தத் தொட்டிக்கு, அல்லது கடலில் வேலி கட்டிய ஒரு குடாவுக்கா என்று அரசுகள் இழுபறியில் இருக்க, தண்ணீரில் பாசி படர்ந்தது. அந்தத் தொட்டியில் இருக்கும் விக்கிக்கு நம் மொழியில் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று 'ஹலோ'. இன்னொன்று 'பை பை'.

வணக்கம்.