கத்தியும் கைக்கெட்டும் தூரமும்

நேயர்களுக்கு வணக்கம். தற்காப்புக்காகக் கத்தியைக் கையாளக் கற்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களை முதல் வகுப்புக்கு ஒரு பழைய வெள்ளைச் சட்டையோடு வரச் சொல்வேன். இருவர் கையிலும் சிவப்பு மை தோய்த்த ரப்பர் கத்தியைக் கொடுத்து, அரை நிமிடம் மோத விட்டபின், சட்டையில் விழுந்த கோடுகளை எண்ணச் சொல்வேன். வென்றுவிட்டதாக நினைத்து நிற்பவரின் முன்கையிலும் விலாவிலும் கழுத்தோரத்திலும்கூட மை இருக்கும். கத்திச் சண்டையில் காயமில்லாத வெற்றி எவ்வளவு அரிது என்பதை அந்தச் சட்டை விளக்கிவிடுவதால், நான் அதிகம் பேச வேண்டியதில்லை.

இந்தக் கலையை ஒழுங்கான பாடமாக வளர்த்தவர்களில் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்குத் தனி இடம் உண்டு. ஆர்னிஸ், எஸ்கிரிமா, காளி என்று பல பெயர்களில் வழங்கும் அவர்களுடைய கலையை 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது. பெரும்பாலான தற்காப்புக் கலைகளில் வெறுங்கைப் பயிற்சிக்குப் பிறகே ஆயுதம் வரும். அங்கே ஏறத்தாழ 28 அங்குலப் பிரம்புதான் முதற்பாடம். வீச்சை ஆயுதத்தின் பெயரால் அல்லாமல், அது வரும் கோணத்தால் எண்ணிட்டுப் பழகுகிறார்கள். பல பள்ளிகளில் பன்னிரண்டு கோணங்கள். அதனால் பிரம்பில் பழகிய உடல் கத்தி வந்தாலும் குழம்புவதில்லை. எதிராளியின் உடலைவிட ஆயுதம் ஏந்திய கையையே குறிவைக்கும் அவர்களுடைய முறைக்குப் பாம்பின் பல்லைப் பிடுங்குதல் என்று பெயர். பல் பிடுங்கிய பாம்பு என்று நாமும் சொல்கிறோமே! சிலம்பம் ஆடியவர்களுக்கு இந்தப் பாடம் விரைவில் பிடிபடுகிறது. காரணம் அவர்களுடைய கைவேகம் அன்று, காலடி.

காலடி என்றால் தூரம். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கத்தியோடு பாய்பவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார் என்றும், உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் அதே நேரம் ஆகிறது என்றும் சுட்டிக்காட்டினார். பயிற்சி பெற்ற காவலரின் நிலையே இதுவென்றால், கைப்பையின் அடியில் சீப்புக்கும் சாவிக்கும் நடுவே கிடக்கும் கத்தி எந்த விநாடியில் வெளியே வரும்? ஆகவே என் வகுப்பில் பாதி நேரம் எதிரே வருபவரின் கைகளைக் கவனிப்பதிலும், விலகி ஓடுவதிலும், மேசையையோ வண்டியையோ இடையில் வைத்துக்கொள்வதிலும் கழிகிறது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் உரியவை அதில் அடங்கா. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தந்தாலும், தேவைக்கு மிஞ்சிய தீங்கை 37-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. திருடன் முதுகைக் காட்டி ஓடத் தொடங்கிய பிறகு விழும் வெட்டைத் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம்.

ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடமும் முதலுதவிக்கு உரியது. கத்திக் குத்துப் பட்டவர் பல நேரங்களில் அதை வெறும் கைக்குத்தாகவே உணர்வதால், தப்பி வந்ததும் உடல் முழுவதையும் கையால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குகிறேன். இரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். கத்தி உடம்பில் பதிந்திருந்தால் அதைப் பிடுங்காமல், அசையாமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். அந்த அழுத்தத்துக்குத் தாராளமாகப் போதுமான துணி, முதல் நாள் கொண்டுவந்த அந்த வெள்ளைச் சட்டையிலேயே இருக்கிறது.