தென்னையின் 44 மாதக் கணக்கு

விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

பருவம் மாறுவது தக்காளியில் உடனே தெரிந்துவிடும். இராத்திரிச் சூடு இறங்காவிட்டால் பூ உதிரும். அடுத்த பட்டத்துக்கு வேறு பயிர் வைத்துவிடலாம். தென்னை அப்படியில்லை. குருத்துக்குள் பாளை கருக்கட்டி, வெளியே வந்து வெடிக்க ஏறக்குறைய 32 மாதம். அது முற்றிய காயாக இன்னும் 12 மாதம். இந்த 44 மாதத்தில் எந்தக் கோடை வாட்டினாலும் குலை அதைச் சுமக்கும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்ததே, அந்த வறட்சியில் கருக்கட்டிய பாளை வெடித்தது 2019-இல். காய் வெட்டியது 2020-இல். அதே 2016-இல்தான் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈயும் தலைகாட்டியது. காய் குறைந்தால் ஈயை மட்டும் பார்த்து மருந்தடிக்காதீர்கள். அதை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பொள்ளாச்சிக்குக் கிடைக்கிற மழை காங்கயத்துக்கு இல்லை. கிளுவை வேலியும் வெள்வேலமும் கொழுக்கட்டைப்புல்லுமாக இருந்த கொறங்காட்டு பூமி, அதாவது வானம் பார்த்த மேய்ச்சல் நிலம் அது. போர் போட்டு அங்கேயும் தென்னை வைத்தோம். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் நாலு மண்டலம். தண்ணீர் முறை திரும்பி வர இரண்டு வருடம். மரமோ தினமும் கேட்கிறது.

எவ்வளவு கேட்கிறது? பிப்ரவரி முதல் மே வரை சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர். கடும் தட்டுப்பாட்டிலும் 22 லிட்டருக்குக் கீழே போகக் கூடாது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம்; அப்படியானால் 4,550 லிட்டர், குறைந்தபட்சம் 1,540 லிட்டர். ஏப்ரல் மாதம் 200 லிட்டர் டிரம்மைப் போர்க் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஒருமுறை பார்த்தால் போதாது. மோட்டார் ஓட ஓடத் தண்ணீர் இறங்கும், அதனால் கடைசி மணி நேரத்திலும் அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு வரும் மொத்தத் தண்ணீரை 22-ஆல் வகுத்தால் எத்தனை மரம் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

தாங்குகிற மரங்களுக்கு 1.8 மீட்டர் ஆர வட்டப்பாத்தியில் 100 தேங்காய் மட்டையை முதுகுப்புறம் மேலே தெரியக் கவிழ்த்து மூடுங்கள். மட்டை இல்லையென்றால் 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு. கோடைக்கு முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூட வேண்டும். காய்ந்த மண்ணை மூடி என்ன பயன்?

மிச்ச மரங்களில் காய்ப்புக் குறைந்த கிழட்டு மரத்தை முதலில் எடுங்கள். எடுத்த இடத்தில் திரும்பத் தென்னம்பிள்ளை வேண்டாம். முதல் மழைக்குக் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள், மாடு மேயட்டும்.