மாடி ரூமும் 36 ரூபாயும்

வணக்கம் மக்களே. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் டைல்ஸ் வெட்டுகிறார்கள். போன வீடியோவில் கிரானைட் விலையைச் சொல்லிப் புலம்பினேன் இல்லையா? இன்றைய எரிச்சல் 36 ரூபாய். சிரிக்காதீர்கள்.

வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்ற காப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறேன், ஞாபகம் இருக்கும். 2021 ஏப்ரலிலிருந்து எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி விற்கிற பாலிசி. 2015-இல் சென்னைப் பக்கம் முடிச்சூரில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவள் நான், பாலிசி இல்லாமல் தூக்கம் வராது. ஆனால் மாடியில் 260 சதுர அடிக்கு ரூம் எழுப்பும்போது பாலிசி கம்பெனிக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை!

பாலிசித் தொகை எப்படி வருகிறது? கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் இருக்கிற தரைப் பரப்பை, சதுர அடிக்குக் கட்ட ஆகிற செலவால் பெருக்குவார்கள். மனை விலை கணக்கில் வராது. என் பாலிசியில் 850 சதுர அடி, 2,000 ரூபாய், ஆக 17 லட்சம். மாடி ரூம் அதில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. புயலில் அது போனால் நான் எந்த மூஞ்சியோடு கேட்பது?

உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். பிளான், எஸ்டிமேட் அனுப்பியதும் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் மாற்றத்தைச் சேர்க்கிற சீட்டு, வந்துவிட்டது. 2,200 ரூபாய் கணக்கில் 5,72,000 கூடியது. அதற்குக் கூடுதல் பிரீமியம் வெறும் 200 ரூபாய்! துள்ளிக் குதித்தேன். கீழே பார்த்தால் ஜிஎஸ்டி 36. தனிநபர் ஹெல்த் பாலிசிக்குப் 2025 செப்டம்பரில் வரியை எடுத்தார்களே, வீடு என்ன பாவம் செய்தது? இன்னும் 18 சதவீதம். இரண்டு டீ காசு, மக்களே. அதில் மேஸ்திரிக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அட, விட்டுவிட்டேன், அந்த போனிலேயே இன்னொன்றும் கேட்டேன். சமையலறைச் சுவரை இடித்தோமே, அதனால் மண் இறங்கி விரிசல் விட்டால் கிடைக்குமா? கிடைக்காதாம். இடிப்பு, கட்டுமானம், பள்ளம் தோண்டுவது, இவற்றால் வருகிற மண் இறக்கம் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நான்கு வருஷமாக அந்தப் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை நான்.

சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே உண்டு. புது சிம்னி, ஃபிரிட்ஜ் அதில் அடங்கும். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் இந்த பாலிசி ஒரு பைசா தராது. மேஸ்திரியிடம் கேட்டேன், "இருபது வருஷமா யாரும் விழலக்கா" என்றார். அது பாலிசி இல்லையே அண்ணா என்றேன். வேலை செய்கிற ஐந்து பேருக்கும் அவர் தொழிலாளர் பாலிசி போட்டு, ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் அடுத்த தவணை கொடுத்தேன்.

சரி, கூப்பிடுகிறார்கள், டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட் என்ன கலர் என்று சொல்லவேண்டுமாம். சாம்பல்தான், வெள்ளை போட்டு அழுக்கானதை முதல் வீடியோவிலேயே பார்த்தீர்களே!