கைகூப்பல் ஒன்று, காரணம் மூன்று

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூடநம்பிக்கை, மதம், ஆன்மிகம் என்ற மூன்றையும் பிரித்துப் பேச முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுலபமான வழியைக் கையாளுகிறார்கள்: அடுத்தவர் நம்புவது மூடநம்பிக்கை, நம்மவர் நம்புவது மதம், நாமே விரும்பி நம்புவது ஆன்மிகம். இந்தப் பிரிவினை நமக்கு வசதியாக இருக்கலாமே தவிர, அதில் எந்த விளக்கமும் இல்லை. ஒரு செயலை வெளியிலிருந்து பார்த்து மட்டும் அது இம்மூன்றில் எது என்று தீர்மானிக்க முடியாது என்பதே என் எண்ணம். கண்களை மூடிக் கைகூப்பி நிற்கும் ஒருவர், இன்று கும்பிடாமல் போனால் காரியம் கெட்டுவிடும் என்ற பயத்தில் நிற்கலாம். தம் சமூகத்தார் கூடி நிற்கும் வேளையில் அவர்களுள் ஒருவராக நிற்கலாம். எதையுமே கேட்காமல், நிற்பதற்காகவே நிற்கலாம்.

முதல் நிலையிலிருந்து தொடங்குவோம். மூடநம்பிக்கை என்பது அடிப்படையில் காரண காரியம் பற்றிய ஒரு கூற்று. இதைச் செய்தால் அது நடக்கும், செய்யாவிட்டால் கேடு வரும் என்று அது சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், பசியோடிருந்த புறாக்களைக் கூண்டிலிட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை இரை கிடைக்கும்படி அமைத்தார். 8 புறாக்களில் 6, தாமாகவே ஒரு 'சடங்கை' வளர்த்துக்கொண்டன. ஒன்று இரைக்கு முன் இடப்புறமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை நீட்டி நீட்டி இழுத்தது. இரை வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே அவை இரைக்குக் காரணமாகப் பற்றிக்கொண்டன என்று ஸ்கின்னர் விளக்கினார். அந்த அசைவுகள் இரையை எதிர்நோக்கும் பறவைக்கு இயல்பானவையே என்று பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்டு. புறாவின் மனத்தில் என்ன இருந்ததோ, மனிதர் மனத்தில் இத்தகைய முடிச்சு விழுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

அந்த முடிச்சு எங்கே அதிகம் விழுகிறது என்பதற்கு மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி ஒரு குறிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பசிபிக் பெருங்கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். கரையோர உப்பங்கழியில், ஆபத்தின்றி உறுதியாக மீன் கிடைத்த இடத்தில், அத்தீவினர் மந்திரம் எதையும் நாடவில்லை. உயிருக்கும் உத்தரவாதமின்றி, மீன்பாட்டுக்கும் உத்தரவாதமின்றி ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தார்கள். ஆகவே மூடநம்பிக்கையை அறிவுக்குறைவு என்று மட்டும் ஏளனம் செய்வது சரியில்லை. நன்கு படித்தவர்களும் தேர்வு, அறுவை சிகிச்சை, சூதாட்டம் ஆகியவற்றின் முன்னால் அதற்கு ஆளாகிறார்கள். காரணம், விளைவு அவர்கள் கையில் இல்லை.

இத்தகைய கூற்று பொய்த்த பிறகும் ஏன் சாவதில்லை என்பதற்கு ரோமானியரான சிசரோ எழுதிவைத்த ஒரு பழைய கதை பதில் சொல்கிறது. கப்பல் சேதத்தில் வேண்டிக்கொண்டு உயிர்தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களை, நாத்திகர் என்று பேர்பெற்ற டயகோரஸிடம் ஒருவர் காட்டினாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம். பலித்தது சுவரில் தொங்குகிறது. பலிக்காதது கடலடியில் கிடக்கிறது.

மதம் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் தந்த விளக்கம் இன்றும் பயனுள்ளது. புனிதமானவை பற்றிய நம்பிக்கைகளும் நடைமுறைகளும், அவற்றை ஏற்பவர்களை ஓர் ஒழுக்கச் சமூகமாக இணைக்கும்போது அது மதம் என்றார் அவர். மந்திரவாதியிடம் வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குள் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மதம் அப்படியன்று. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய தருணங்களில் மனிதரைத் தனியே விடாமல் சூழ்ந்துகொள்வதும், எது தகும், எது தகாது என்று வரம்பு கட்டுவதும் அதன் வேலைகள். துக்க வீட்டில் சடங்கு செய்கிற குடும்பம் இறந்தவர் எழுந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பதில்லை. எனவே அந்தச் சடங்கு பலித்ததா என்ற கேள்வியே பொருந்தாது.

ஆன்மிகத்தில் கூட்டம் பின்னுக்குப் போய்த் தனிமனிதரின் அகம் முன்னுக்கு வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் துறவி மெய்ஸ்டர் எக்கார்ட், பாலுக்காகவும் பாலாடைக்கட்டிக்காகவும் பசுவை நேசிப்பது போலவே பலர் கடவுளை நேசிக்கிறார்கள் என்று உபதேசத்தில் கடிந்துகொண்டார். பேரத்தை விட்டுவிடு என்பதே அதன் சாரம். மதபீடங்களுக்கு இத்தகைய குரல் எப்போதும் இனித்ததில்லை. எக்கார்ட்டின் 28 கூற்றுகளைப் போப்பாண்டவர் 1329இல் கண்டித்தார், பாக்தாதில் சூஃபி ஞானி அல் ஹல்லாஜ் 922இலேயே கொல்லப்பட்டிருந்தார். இருந்தாலும் அவ்விருவரும் தத்தம் மதத்தின் மொழியில்தான் பேசினார்கள் என்பதையும் மறக்கலாகாது.

இதைக் கேட்டு ஆன்மிகம் உயர்ந்தது, மதம் நடுத்தரம், மூடநம்பிக்கை கடைநிலை என்று ஏணி போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று மூடநம்பிக்கை மிக நாகரிகமாக உலவுவது ஆன்மிகத்தின் உடையில்தான். இந்தத் தியானம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஒருவர் சொன்னால், அவர் அகத்தைப் பற்றிப் பேசவில்லை, உடலைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கூற்றை மருந்தைச் சோதிப்பது போலவே சோதித்துத்தான் ஆக வேண்டும். 'இது என் நம்பிக்கை' என்ற பதில் அங்கே செல்லாது. அதே நேரத்தில், கடவுள் உண்டா என்ற கேள்வியை அந்தச் சோதனைச் சாலைக்கு இழுத்துவந்து, விடை கிடைக்கவில்லை ஆகவே எல்லா மதமும் மூடநம்பிக்கையே என்று தீர்ப்பளிப்பதும் அவசரம்தான்.

நடைமுறையில் இந்த எல்லை சட்டத்தின் முன்னும் வந்து நிற்கிறது. 1966ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, தன் 18ஆவது பிரிவில், ஒருவர் மனத்துக்குள் நம்புவதை எந்த அரசும் வற்புறுத்தித் தடுக்க இடம் தரவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைச் செயலில் வெளிப்படுத்தும்போது, பொதுப் பாதுகாப்பு, உடல்நலம், பிறரின் அடிப்படை உரிமைகள் போன்றவற்றைக் காக்கத் தேவையான அளவுக்குச் சட்டத்தின் மூலம் வரம்பிட அனுமதிக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் பெற்றோர் பிரார்த்திப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தப் பிரார்த்தனையை நம்பி மருத்துவரை வரவிடாமல் தடுத்தால், அதன் பெயர் மதமா, ஆன்மிகமா, மூடநம்பிக்கையா என்று தீர்மானிக்கும்வரை நீதிபதி காத்திருக்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.