640 ரூபாய்க்கு ஒரு அவரோகணம்

வணக்கம் மக்களே! சாய்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயில் வரும் பாஸ் டி டூ, அதாவது இருவர் சேர்ந்து ஆடும் நடனம், அதன் பியானோ நோட்ஸுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன் என்று போன வீடியோவில் குதித்தேனே, வந்துவிட்டது. 640 ரூபாய். அது போக கூரியருக்கு 90. பிரித்தால் மொத்தம் நாலே பக்கம்! தாள் நல்ல கனம், அச்சும் பளிச்சென்று இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக்கு 160 ரூபாய், கூரியர் சேர்க்காமல். எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.

சரி, காசு போகட்டும். ஜி மேஜரில் இருப்பதை சி மேஜருக்கு மாற்றி, ஆர்ப்பெஜியோ, அதாவது அலைபோல ஒவ்வொரு சுரமாக ஓடும் கார்டுகள், மொத்தத்தையும் உருவி எடுத்துவிட்டார்கள். அந்த மெட்டு என்ன தெரியுமா? ச நி த ப ம க ரி ச. நம்ம சங்கராபரண அவரோகணம்தான், அப்படியே நேராக இறங்குகிறது! கீபோர்டு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகூட வாசித்துவிடும். சாய்கோவ்ஸ்கி அதைச் செலோவிடம் கொடுத்து, ஹார்ப்பைச் சுற்றி ஓடவிட்டார். அதனால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஓடுவதை நிறுத்தினால் மிச்சம் வெறும் ஸ்கேல். அதற்கா 640?

எளிமைப்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. சாய்கோவ்ஸ்கியின் மாணவர் தனேயெவ் இந்த பாலேயைப் பியானோவுக்கு மாற்றியது ரொம்பக் கடினமாகிப்போனதால், சாய்கோவ்ஸ்கியே எளிதாக இன்னொன்று எழுதிக் கொடுத்தார்.

எனக்கு உயிர் ரஷ்யப் பியானோ கலைஞர் பிளெட்னெவின் பியானோ வடிவம்தான். ஏழு பகுதிகள், கடைசியில் இந்த பாஸ் டி டூ. அட, ஒன்றை விட்டுவிட்டேன்: அதை அவர் எழுதியது 1978-இல். அதே ஆண்டு மாஸ்கோ சாய்கோவ்ஸ்கி போட்டியில் முதல் பரிசும் வாங்கினார், வயது 21! அதில் வரும் சுகர் பிளம் ஃபேரி நடனம் மட்டும் எனக்கு ஒட்டவே ஒட்டாது. அது செலஸ்டாவின் சொத்து, மணி போல ஒலிக்கும் அந்தச் சின்ன கீபோர்டுக்கே உரியது, பியானோவில் யார் வாசித்தாலும் சரி. கமெண்டில் திட்டிக்கொள்ளுங்கள்.

பிளெட்னெவின் நோட்ஸை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியிருக்கிறேன். மெட்டு நடுவில் நிற்கும், அலைகள் அதற்கு மேலேயும் கீழேயும். அலையை அடக்கினால் உயிர் இல்லை, விட்டால் மெட்டு மூழ்கிவிடும். இன்றைக்குக் காலையில் முதல் வரி முழுக்க மெட்டு தனியாகக் கேட்டது! ஒரே ஒரு வரிதான், ஆனால் எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். பெடலைக் கொஞ்சம் சீக்கிரம் தூக்கினேன், அவ்வளவுதான் ரகசியம்.

இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் இடது கை காணாமலே போய்விடும்.