சைலன்ஸ்: கிச்சிஜிரோவுக்காகப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பேசப்போவது மார்ட்டின் ஸ்கோர்செஸி 2016இல் எடுத்த ‘சைலன்ஸ்’ பற்றி. 161 நிமிடப் படம். ஷுசாக்கு எண்டோ 1966இல் எழுதிய நாவல்தான் மூலம். வேதசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கதை என்று இதைச் சொல்வார்கள். எனக்கோ, வேதசாட்சியாக முடியாமல் போனவர்களின் பக்கம் நின்று பேசும் படமாகத்தான் தெரிகிறது.

1614இல் தோக்குகவா அரசு ஜப்பான் முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை போட்டது. அங்கே 1549இல் போய் இறங்கி மறைப்பணியைத் தொடங்கியவர், அதற்கு முன்பு நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்த அதே சவேரியார்தான். தடைக்குப் பிறகு பாதிரியார்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். 1633இல் ஃபெரேரா என்ற மூத்த இயேசு சபைப் பாதிரியார் சித்திரவதை தாங்காமல் தன் விசுவாசத்தை மறுதலித்தார். இது நிஜமாகவே நடந்தது. படத்தில் அவருடைய சீடர்கள் இருவர் இதை நம்ப மறுத்து, அவரைத் தேடிக் கள்ளத்தனமாக ஜப்பானுக்குள் நுழைகிறார்கள்.

அங்கே ‘ஃபுமியே’ என்று ஒரு சோதனை. இயேசுவின் உருவம் பதித்த தகடு ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் காலை வைக்கச் சொல்வார்கள். வைத்தால் வீட்டுக்குப் போகலாம். சும்மா ஒரு சடங்குதானே என்று அதிகாரி தன்மையாகவே சொல்கிறார். மோக்கிச்சி என்ற கிராமத்தான் காலை வைத்துவிடுகிறான். ஆனாலும் விடவில்லை, சிலுவையில் அறைந்த இயேசுவின் சுரூபத்தின்மேல் துப்பச் சொல்கிறார்கள். அது அவனால் முடியவில்லை. கடலுக்குள் சிலுவை நட்டுக் கட்டிவிடுகிறார்கள். அலை முகத்தில் அறைய அறைய அவன் பாடுகிறான்.

ஆனால் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது கிச்சிஜிரோவை. குடும்பமே எரிந்து சாக, இவன் மட்டும் தகட்டை மிதித்துப் பிழைத்தவன். ஃபெரேராவைத் தேடி வந்த சீடர்களில் ஒருவரான ரோட்ரிகஸ் பாதிரியாரைக் காட்டிக்கொடுப்பவனும் இவனே. அப்புறம் திரும்ப வந்து, பாவசங்கீர்த்தனம் கேளுங்கள் சாமி என்று காலில் விழுவான். மறுபடி மிதிப்பான், மறுபடி வருவான். பாதிரியாருக்கே அருவருப்பாகிவிடுகிறது. பலவீனமான ஒருவனுக்கு இப்படிப்பட்ட காலத்தில் எங்கே இடம் என்று அவன் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கலவரமில்லாத காலத்தில் பிறந்திருந்தால் அவனும் ஒரு நல்ல விசுவாசியாக வாழ்ந்து முடித்திருப்பான்.

இனி வருவது கதையை உடைத்துவிடும். படம் பார்க்காதவர்கள் கொஞ்சம் தள்ளிப் போங்கள். சிறையில் இரவு முழுக்கக் குறட்டைச் சத்தம். காவலாளி தூங்குகிறான் என்று ரோட்ரிகஸ் எரிச்சலில் கத்துகிறார். அது குறட்டை இல்லை. குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டவர்களின் முனகல். காதுக்குப் பின்னால் சின்னதாகக் கீறிவிடுவார்கள். இரத்தம் சொட்டுச் சொட்டாகப் போகும், சாவு சீக்கிரம் வராது. அவர்கள் எப்போதோ மறுதலித்துவிட்டார்கள். இவர் மறுதலிக்காததால் தொங்குகிறார்கள். தான் மட்டும் பரிசுத்தமாக இருந்துகொள்ள ஒரு குருவுக்கு உரிமை உண்டா? அவர் எடுத்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

போர்த்துகீசியர்கள் ஆங்கிலம் பேசுவது கொஞ்சம் உறுத்தும், சரி. இசை அநேகமாக இல்லை, பூச்சிகளும் கடலும்தான். ஹெட்ஃபோனில் பாருங்கள். இதே நாவலை 1971இல் மசாஹிரோ ஷினோடா ஜப்பானிலேயே படமாக்கியிருக்கிறார். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், இரண்டின் முடிவையும் அடுத்த வீடியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.