யானை வாங்கியாச்சு, அங்குசம் எங்கே?

(கல்லூரிக் கணினித்துறை விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவராக இருந்தும் எனக்கு வழிவிட்டு அமர்ந்திருக்கும் நூலகத்துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, சால்வை போர்த்திய தாளாளர் அவர்களே, பின்வரிசையில் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட மாணவக் கண்மணிகளே, வணக்கம்.

மீதரவுக்கு, அதாவது கோப்பின் பெயர், அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் மெட்டாடேட்டாவுக்கு, எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பது தலைப்பு. மூன்று செய்தி சொல்கிறேன்: கணக்குப் போடுவது எப்படி, எந்த டிஸ்கில் வைப்பது, தொலைந்தால் மீட்பது எப்படி.

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லுவார்: "யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிப்பானா?" யோசிக்கிறான் பாட்டி! டெண்டரைப் பாருங்கள். 500 டிபி டிஸ்க் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதில் எத்தனை கோப்பு வரும் என்று ஒரு வரி இருக்காது.

ஒரு கதை சொல்கிறேன். ஊரும் வேண்டாம், அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். ஆயிரம் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்தார்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க, ஒவ்வொரு சொல்லையும் தனிப் படமாக வெட்டி வைத்தார்கள். புத்தகத்துக்கு 250 பக்கம், பக்கத்துக்கு 250 சொல். பெருக்கிப் பாருங்கள், ஆறேகால் கோடி கோப்பு. எல்லாம் ஒரே 1 டிபி டிஸ்கில். ஒருநாள் இரவு பத்து மணிக்குப் போன் வருகிறது: "சார், டிஸ்கில் இடம் இல்லைங்குது. ஆனா முக்கால்வாசி காலியா இருக்கு!" வைரஸ் என்றார் ஒருவர். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் இன்னொருவர். அதிகாரி ஒரு படி மேலே போய், டிஸ்கைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னார். மாட்டினார்கள், ஐயா! நான் போய் 'டிஎஃப் மைனஸ் ஐ' என்று தட்டினேன். இனோடு, அதாவது கோப்புக்கு ஒன்று என்று தேவைப்படும் மீதரவுச் சீட்டு, நூற்றுக்கு நூறு தீர்ந்திருந்தது. கல்யாண மண்டபத்தில் சாப்பாடு அண்டா அண்டாவாக இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது. எங்கே பரிமாறுவது?

லினக்ஸில் டிஸ்கை நிர்வகிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, இந்த அளவு டிஸ்கில், 16 கேபிக்கு ஓர் இனோடு என்றுதான் வழக்கமாக ஒதுக்கும். 1 டிபிக்கு ஏறத்தாழ 6 கோடியே 10 லட்சம். ஃபார்மேட் செய்யும்போது நிர்ணயித்ததுதான். பிறகு இனோடு மட்டும் கூட்டித் தா என்றால் தராது. ஆயிரத்தில் கடைசி இருபத்துச் சொச்சம் புத்தகம் வாசலில் நின்றது. அதிகாரி என்னிடம், "அப்போ இன்னொரு டிஸ்க் வாங்கிடலாமா?" என்றார். யானை வாங்கினவன்... சரி, விடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். மொத்தக் கொள்ளளவைச் சராசரிக் கோப்பளவால் வகுங்கள். பல கணினிகளின் டிஸ்க்குகளை ஒன்றாக்கித் தரும் லஸ்டர் கோப்பு முறைமையின் கையேட்டிலேயே இப்படித்தான்: 500 டிபி, சராசரி 5 எம்பி என்றால் 10 கோடி கோப்பு. வளர்ச்சிக்கு இரட்டிப்பாக்கி, கோப்பு ஒன்றின் மீதரவுக்கு 2 கேபி போட்டால் 400 ஜிபி. அதே 500 டிபியில் சராசரி 100 கேபி என்று வையுங்கள், 500 கோடி கோப்பு. லஸ்டரில் எக்ஸ்ட்4 வகை மீதரவு டிஸ்க் ஒன்று தாங்கும் எண்ணிக்கையையே தாண்டிவிடும். பெருந்தரவைப் பல கணினிகளில் துண்டு துண்டாக, அதாவது பிளாக்குகளாக, வைக்கும் ஹடூப்பில் இந்தக் கணக்கு, மீதரவைக் காக்கும் நேம்நோடு என்ற தலைமைக் கணினியின் ரேமில் போய் உட்காரும். கோப்புக்கு 150 பைட்டு, பிளாக்குக்கு 150 பைட்டு என்பது புழக்கத்தில் உள்ள தோராயம். 1 டிபியைப் பெரிய கோப்புகளாக, 128 எம்பி பிளாக்குகளில் வைத்தால் இரண்டு மூன்று எம்பிக்குள் முடியும். 1 எம்பி கோப்புகளாகச் சிதறவிட்டால் 300 எம்பி. சராசரி தெரியாதவர்கள் ஒரு மாதத் தரவை எண்ணிப் பார்த்துவிட்டு டெண்டர் போடுங்கள்.

மீதரவு என்று சொன்னதும் எனக்குப் பெயர்தான் ஞாபகம் வரும். நண்பர்களுக்குத் தெரியும், பத்து வருடமாக இதையேதான் கத்துகிறேன்: கோப்புக்குத் தமிழில் பெயர் வையுங்கள்! "இடத்தை அடைக்கும் சார்" என்கிறார்கள். அடைக்கட்டும். 'தொல்காப்பியம்' ஏழு எழுத்து. புள்ளியையும் துணைக்குறியையும் தனியே எண்ணுவதால் யூனிகோடில் 13 குறியீடு, குறியீட்டுக்கு 3 பைட்டு, ஆக 39 பைட்டு. ஆங்கில எழுத்தில் எழுதினால் 12. வித்தியாசம் 27 பைட்டு. 10 கோடி கோப்புக்கும் சேர்த்து 2.7 ஜிபி! 400 ஜிபி வாங்குகிறவருக்கு இது ஒரு செலவா? யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிப்பானா? பெயருக்கு 255 பைட்டு வரம்பு உண்டுதான். 85 குறியீடு கிடைக்கும், நூலாசிரியர் பெயரும் சேர்ந்து அடங்கும். 'ஸ்கேன் ஒன்று, ஸ்கேன் இரண்டு' என்று பெயர் வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் தேடி அலைகிற கொடுமையை அம்மையார் அறிவார்.

தலைவர் மணி அடிக்கிறார். இரண்டாவது செய்தியில் ஒரு வார்த்தை: மீதரவைச் சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியில் வையுங்கள். மூன்றாவது அடுத்த கூட்டத்துக்கு. கல்லூரியின் மின்நூலகத்தில் கோப்புப் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோள் தயாராக இருக்கிறது, துணைவேந்தர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.